உப்புக் கரைசலில் மின்சாரம்: முதன்முதலாக மின்னாற்பகுப்பு செய்பவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் புத்தளம், சாமித்தோப்பு பக்கமாகப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு உப்பளம் பழகின காட்சி. அந்த ஊர்களிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு உப்பு எப்படி விளைகிறது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் என்ன வரும் என்று கேட்டால், எல்லா வருடமும் வகுப்பில் ஒரே பதில்தான்: "ஒரு பக்கம் சோடியம், மறுபக்கம் குளோரின்."

பாதி சரி. குளோரின் வரும், சோடியம் வராது. அந்த இடத்தில் ஹைட்ரஜன் வரும். தண்ணீரும் போட்டிக்கு நிற்கிறது என்பதை மறந்துவிடுவதால் வருகிற தவறு இது. இந்தச் செய்முறையில் பிடித்துக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான்: சுவிட்சைப் போடும் முன் பீக்கருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள், எந்த முனைக்கு யார் முந்துவார்கள் என்று ஊகியுங்கள், அப்புறம் கண்ணால் பார்ப்பதை அப்படியே எழுதுங்கள். ஊகமும் காட்சியும் ஒத்துவராவிட்டால் காட்சியை நம்புங்கள்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். பேட்டரியின் நேர்முனையோடு இணைத்தது நேர்மின்வாய், அதுதான் ஆனோடு. எதிர்முனையோடு இணைத்தது எதிர்மின்வாய், அது கேத்தோடு. மின்சாரம் பாய்ச்சிச் சேர்மத்தைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பில் இது சரியாகப் பொருந்தும். ஆனால் மின்கலப் பாடத்துக்குப் போனதும் ஆனோடின் குறி எதிர்க்குறியாகிவிடும், பிள்ளைகள் திணறுவார்கள். அதனால் குறியை வைத்து மனப்பாடம் செய்யாதீர்கள். எங்கே எலக்ட்ரான் பறிபோகிறதோ, அதாவது ஆக்சிஜனேற்றம் நடக்கிறதோ, அது ஆனோடு. எங்கே எலக்ட்ரான் ஏறுகிறதோ, அதாவது ஒடுக்கம் நடக்கிறதோ, அது கேத்தோடு. இது எந்தப் பாடத்திலும் மாறாது.

என்னென்ன வேண்டும்

மின்சாரத்துக்கு 9 வோல்ட் பேட்டரி ஒன்று, அல்லது வரிசையாக இணைத்த நான்கு 1.5 வோல்ட் செல்கள். சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தை எந்தக் காரணத்துக்காகவும் கரைசலின் பக்கம் கொண்டுவராதீர்கள். அது மாறுதிசை மின்னோட்டம் என்பதால் சோதனையும் நடக்காது, ஆளும் தப்பமாட்டார். 

மின்வாய்க்குப் பென்சில் போதும். 2பி, 4பி, 6பி மாதிரிக் கருமை கூடிய பென்சிலில் களிமண் குறைவு, கிராஃபைட் அதிகம், மின்சாரம் நன்றாகக் கடக்கும். இரண்டு முனையையும் சீவிக்கொள்ளுங்கள். பழைய செல்லை உடைத்துக் கரிக்கம்பி எடுக்கும் வழக்கம் உண்டு. சாதாரண துத்தநாக–கார்பன் செல்லில் மட்டும்தான் அந்தக் கம்பி இருக்கும். ஆல்கலைன் செல்லையும் லித்தியம் செல்லையும் உடைக்கவே கூடாது. எனக்குக் கேட்டால் பென்சிலே மேல்.

குரோக்கடைல் கிளிப் மாட்டிய வயர் இரண்டு, வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று, பீக்கர், லிட்மஸ் தாள், கண்ணுக்குக் கண்ணாடி. வெள்ளைத் தட்டைக் குறிப்பாகச் சொல்கிறேன். நிறமாற்றம் அதில் தெரிகிற மாதிரி பீக்கரில் தெரியாது.

ஆணி, ஊசி, ஸ்டீல் கரண்டி எதையும் மின்வாயாக வைக்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளியில் கரிக்கம்பி தீர்ந்துபோய் இரும்பாணியை வைத்துச் செய்தோம். நேர்முனை ஆணியே கரைந்தது. கரைசல் முதலில் பச்சையாகக் கலங்கியது, அப்புறம் செம்மண் நிறத்துக்கு வந்தது. குளோரின் வாசனையே இல்லை. ஆனால் அத்தனை ரெக்கார்டு நோட்டிலும் "பசும்மஞ்சள் நிற வாயு வெளிவந்தது" என்று இருந்தது. கண்முன்னால் துரு, நோட்டில் குளோரின். அன்றைக்குப் பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் மோசம். அதிலிருந்து குரோமியம் கரைந்து நச்சுச் சேர்மமாக மாற வாய்ப்புண்டு.

தண்ணீரில் கவனம் வேண்டும். கடற்கரை ஊர்க் கிணறுகளில் பலவற்றில் உவர் ஏறியிருக்கும். அந்தத் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று தெரியாமல் அயனிகளின், அதாவது மின்னூட்டம் ஏறிய துகள்களின், பட்டியல் போட முடியாது. பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் பெட்ரோல் பங்க்கிலும் மெக்கானிக் கடையிலும் கிடைக்கும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் சுத்தமாகப் பிடித்த மழைநீரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

முதல் சோதனை: உப்பும் மஞ்சளும்

100 மில்லி வடிநீரில் 25 கிராம் உப்பைக் கரையுங்கள். தராசு இல்லையென்றால் நான்கு தேக்கரண்டி. 100 மில்லியில் ஏறக்குறைய 36 கிராம் வரைதான் கரையும் என்பதால் இது செறிவான கரைசல்தான். பாக்கெட் தூள் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் தண்ணீரைக் கொஞ்சம் கலங்கலாக்கும். கலங்கினால் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் காரத்தை நிறத்தால் காட்டிக்கொடுக்கும் ஃபினால்ஃப்தலீன் இருந்தால் நான்கைந்து சொட்டு விடுங்கள். இல்லையென்றால் கவலை வேண்டாம், மஞ்சள் இருக்கிறது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள்நீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் சட்டென்று சிவக்கிறதே, அது காரத்தால் வரும் சிவப்பு. இங்கே சுண்ணாம்பு போடப்போவதில்லை. மின்சாரமே காரத்தை உண்டாக்கப்போகிறது. ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கலக்கி, தெளிந்ததும் மேலாக எடுத்துச் சில சொட்டுகள் உப்புக் கரைசலில் விடுங்கள்.

ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். கரைசலைத் தட்டில் ஊற்றி, இரண்டு பென்சில் முனைகளையும் தட்டின் எதிரெதிர் ஓரத்தில் வையுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. கிளிப் தண்ணீரில் படக்கூடாது, பட்டால் கிளிப்பின் உலோகமும் சோதனைக்குள் வந்துவிடும். எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு, கடைசியாகப் பேட்டரியை இணையுங்கள்.

எதிர்மின்வாயில் குமிழிகள் உடனே பொங்கும். அரை நிமிடத்துக்குள் அந்த முனையைச் சுற்றிச் சிவப்பு, புகை பரவுவது போலப் பரவும். ஃபினால்ஃப்தலீன் என்றால் இளஞ்சிவப்பு. நேர்மின்வாயில் குமிழி மந்தமாக வரும், அங்கே மஞ்சள் நிறம் வெளுத்துப்போகும். நீல லிட்மஸ் தாளை நனைத்து அந்த முனைக்கு மேலே பிடித்தால் முதலில் சிவந்து, பிறகு வெளுக்கும். வெளுக்கிறது என்பதே குளோரினுக்கு அடையாளம். நீச்சல்குளத்து வாசனை லேசாக வரும். வந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மூக்கைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். குளோரின் நச்சு வாயு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் ஜன்னலோரம் தள்ளி நிற்கட்டும். இரண்டு மூன்று நிமிட ஓட்டம் போதும்.

இப்போது தட்டை மெதுவாக அசைத்து இரண்டு பக்கத்தையும் கலக்கிப் பாருங்கள். சிவப்பு மங்கும். ஒரு பக்கம் உண்டான காரமும் மறுபக்கத்துக் குளோரினும் சேர்ந்து சோடியம் ஹைப்போகுளோரைட் ஆகின்றன. துணி வெளுக்கும் ப்ளீச் திரவத்தில் இருப்பது இதுதான். குளோரினையும் காஸ்டிக் சோடாவையும் தனித்தனியாக எடுக்க வேண்டிய தொழிற்சாலை, இரண்டும் கலக்காமல் நடுவே சவ்வு வைப்பது இதனால்தான். தூத்துக்குடி மாவட்டத்தில் ஆறுமுகநேரிக்கு அருகே சாகுபுரத்தில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் பெரிய ஆலை இருக்கிறது. அங்கே நடப்பதன் வேதியியலும் உங்கள் தட்டில் நடந்ததும் ஒன்றே.

"டீச்சர், அப்போ சோடியம் எங்க போச்சி?"

இந்தக் கேள்வி வராத வகுப்பில் நான் பாடத்தை முடிப்பதில்லை. வந்தால் "நீயே சொல்லு மக்கா, தட்டுல யார் யார் இருக்காங்க?" என்று திருப்பிக் கேட்பேன். சோடியம் அயனி, குளோரைடு அயனி, அப்புறம் தண்ணீர். எதிர்மின்வாய்க்கு வரக்கூடியவை சோடியம் அயனியும் தண்ணீரும். எலக்ட்ரானை ஏற்பது எவ்வளவு எளிது என்று காட்டும் எண்தான் திட்ட மின்னழுத்தம், அது குறையக் குறைய ஏற்பது கடினம். சோடியம் அயனிக்கு அது மைனஸ் 2.71 வோல்ட். தண்ணீருக்கு மைனஸ் 0.83 வோல்ட். சோடியத்துக்கு எலக்ட்ரானை ஏற்றுவது அவ்வளவு கடினம். தண்ணீர் முந்திக்கொண்டு எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜன் வாயுவாகவும் ஹைட்ராக்சைடு அயனியாகவும் பிரிகிறது. சோடியம் எங்கும் போகவில்லை, கரைசலிலேயே அயனியாக இருக்கிறது. குளோரைடு குறைந்த இடத்தில் ஹைட்ராக்சைடு வந்துவிட்டதால், மிஞ்சுவது சோடியம் ஹைட்ராக்சைடு. மஞ்சளைச் சிவக்க வைத்தது அதுதான். சோடியம் உலோகமாகவே வேண்டுமென்றால் தண்ணீரே இருக்கக்கூடாது. 1807இல் ஹம்ஃப்ரி டேவி உருக்கிய காஸ்டிக் சோடாவில் மின்சாரம் பாய்ச்சித்தான் முதன்முதலாகச் சோடியத்தைப் பிரித்தெடுத்தார்.

நேர்மின்வாய்ப் பக்கம் இன்னும் சுவையானது. எண்களை மட்டும் பார்த்தால் தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் வர 1.23 வோல்ட், குளோரைடிலிருந்து குளோரின் வர 1.36 வோல்ட். குறைவானது முந்த வேண்டும் என்றால் ஆக்சிஜன்தானே வர வேண்டும்? ஆனால் கார்பன் முனையில் ஆக்சிஜன் உருவாவது மெதுவான வேலை, அதைத் தள்ளிவிடக் கணக்கில் சொன்னதைவிட நிறையக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். அந்த இடைவெளியில் குளோரின் நுழைந்துவிடுகிறது. செறிவான கரைசலில் குளோரைடு அயனிகள் கூட்டமாக நிற்பதும் அதற்குச் சாதகம்.

இதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். இன்னொரு தட்டில் 100 மில்லிக்கு ஒரு சிட்டிகை உப்பு மட்டும் போட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். மின்னோட்டம் குறையும், பொறுமை வேண்டும். குளோரின் வாசனை வெகுவாகக் குறையும். ஆக்சிஜனின் பங்கு கூடும். ஆக்சிஜன் கார்பனையே தின்னும் என்பதால் நேர்முனைப் பென்சில் மெல்ல உதிர்ந்து தட்டில் கரும்பொடி சேரும். அந்தக் கரும்பொடியை அழுக்கு என்று துடைத்துவிடாமல் நோட்டில் எழுதுங்கள். ஆலைகள் இந்தத் தொல்லைக்காகவே கிராஃபைட்டைக் கைவிட்டு, ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானியத்துக்கு மாறின. மணவாளக்குறிச்சி கடற்கரையின் கருமணலில் இருக்கும் இல்மனைட் டைட்டானியத்தின் தாது என்பதை இந்த இடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

கடல்நீரை வைத்தும் பாருங்கள்

சுத்தமான உப்புக் கரைசலில் செய்து முடித்த பிறகு, ஒரு பாட்டில் கடல்நீரை வடிகட்டிக் கொண்டுவந்து தெளிந்த கண்ணாடி பீக்கரில் இதையே செய்யுங்கள். எந்தச் சாயமும் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் எதிர்மின்வாயைச் சுற்றி வெள்ளையாக மேகம் மாதிரி ஒன்று இறங்கும். முதன்முறை பார்க்கிறவர்கள் "சோடியம் வந்துட்டு" என்று துள்ளுவார்கள். அது சோடியம் இல்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் மக்னீசியம் மட்டும் 1.3 கிராம் அளவு. எதிர்மின்வாயில் உண்டாகும் ஹைட்ராக்சைடோடு அந்த மக்னீசியம் சேர்ந்து, தண்ணீரில் கரையாத மக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படிகிறது. உப்பளத்துக் கல் உப்பைக் கரைத்தாலும் சில நேரம் இந்த மேகம் மெல்லிசாகத் தெரியும். பாக்கெட்டில் வரும் சுத்திகரித்த உப்பில் பெரும்பாலும் தெரியாது. மூன்று உப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், உப்பளத்தில் உப்பை அள்ளிய பிறகு மிஞ்சும் தண்ணீர் ஏன் கசக்கிறது என்பதும் புரியும். மக்னீசியம் பெரும்பகுதி அதில்தான் தங்குகிறது.

வாயுவைப் பிடிப்பது

இதற்குப் பென்சில் மேலிருந்து தொங்கினால் முடியாது. ஒரு பிளாஸ்டிக் கப்பின் அடியில் இரண்டு துளை போட்டு, கரிக்கம்பிகளைக் கீழிருந்து மேலாகச் செருகி, எம்-சீல் பசை வைத்து அடைத்துவிடுங்கள். ஒரு நாள் காயட்டும். கப்பில் செறிவான உப்புக் கரைசலை ஊற்றுங்கள். இரண்டு சோதனைக் குழாய்களையும் அதே கரைசலால் நிரப்பி, விரலால் மூடிக் கவிழ்த்து, கம்பிகளுக்கு மேல் நிறுத்தி, அதன் பிறகு மின்சாரம் கொடுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாமல் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அம்மீட்டரில் 0.1 ஆம்பியர் காட்டினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய முக்கால் மில்லி ஹைட்ரஜன்தான் வரும். 10 மில்லி சேர 13 நிமிடம் ஆகும். கணக்குப்படி குளோரினும் அதே அளவு வர வேண்டும். ஆனால் அந்தக் குழாயில் பாதிகூட நிரம்பாமல் போகலாம். குளோரின் தண்ணீரில் கரைவதுதான் காரணம், சோதனை தவறில்லை. நோட்டில் "சமம்" என்று எழுதிவிடாதீர்கள்.

பேட்டரியைக் கழற்றிய பின், ஹைட்ரஜன் குழாயை வாய் கீழ்நோக்கியபடியே எடுத்துத் தள்ளிக் கொண்டுபோய், எரியும் ஈர்க்குச்சியை வாயருகே காட்டுங்கள். 'டப்' என்று சத்தம் கேட்கும். சின்னக் குழாயில் மட்டும் செய்யுங்கள். மூடிய பாட்டிலில் வாயுவைச் சேர்த்து வைக்கக்கூடாது, கப்பின் பக்கம் நெருப்பையும் கொண்டுபோகக்கூடாது.

துருசு

மயில்துத்தம், நம் பக்கத்தில் துருசு, புத்தகத்தில் காப்பர் சல்பேட். ரப்பர், மிளகுத் தோட்டத்துக்குப் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து கலக்குகிற வீட்டில் இந்த நீலக் கட்டி இருக்கும். ஆனால் ஆய்வகத்துச் சுத்தமானதையே பயன்படுத்துங்கள். விழுங்கினால் நஞ்சு, கையைக் கழுவாமல் சாப்பிடப் போகாதீர்கள்.

100 மில்லி வடிநீரில் 10 கிராம் போதும். கரி மின்வாய் வைத்தால் எதிர்மின்வாயில் செம்பு செந்நிறமாகப் படியும், நேர்மின்வாயில் ஆக்சிஜன் வரும், நீலம் மெல்ல வெளிறும், கரைசல் அமிலமாகும். சோடியத்தால் முடியாததைச் செம்பு எப்படிச் செய்தது? செம்பு அயனியின் மின்னழுத்தம் பிளஸ் 0.34 வோல்ட். தண்ணீரைவிட எளிதாக எலக்ட்ரானை வாங்குகிறது. ஊகிக்கும் முறை அதே முறைதான், ஆள்தான் வேறு.

கரியை எடுத்துவிட்டு இரண்டு செம்புத் தகடுகளை வைத்தால் கதை மாறுகிறது. நேர்மின்வாய்த் தகடே கரையும், எதிர்மின்வாய்த் தகட்டில் படியும், நீலம் மாறாது. இங்கே எடை பார்க்கலாம். தகடுகளை உப்புத்தாளால் தேய்த்துக் கழுவி உலர்த்தி எடை எழுதுங்கள். மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ரியோஸ்டாட்டைத் திருகி அதை 0.2 ஆம்பியரில் நிறுத்தி, 30 நிமிடம் அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தை வினாடிகளால் பெருக்கினால், பாய்ந்த மின்னூட்டம் 360 கூலும். ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 96,485 கூலும், ஒரு செம்பு அயனிக்கு இரண்டு எலக்ட்ரான், செம்பின் மோலார் நிறை 63.55 கிராம். கணக்குப் போட்டால் 0.12 கிராம் வரும். அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டினால் செம்பு பொடிப்பொடியாகப் படிந்து கழுவும்போது உதிர்ந்துவிடும், எடை குறையும். படிந்த தகட்டைத் துடைக்காதீர்கள், தண்ணீரில் நனைத்து எடுத்துக் காற்றில் உலரவிடுங்கள்.

இங்கேயும் இரும்பாணியை விடாதீர்கள். மின்சாரமே இல்லாமல் இரும்பு செம்பை இடப்பெயர்ச்சி செய்து, ஆணி சிவந்து நிற்கும். மின்சாரம் செய்தது எது, இரும்பு செய்தது எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

நேரம் இருந்தால் பொட்டாசியம் அயோடைடும் செய்யலாம். நேர்மின்வாயில் அயோடின் பழுப்பாக இறங்கும், ஒரு சொட்டுக் கஞ்சித் தண்ணீர் விட்டால் கருநீலம். குளோரின் பயம் இல்லாததால் சின்ன வகுப்புகளுக்கு இதையே காட்டுவேன். சோடியம் சல்பேட்டில் செய்தால் இரண்டு முனையிலும் தண்ணீரே வெல்லும். ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு.

நோட்டில் எழுதும்போது

மூன்று பத்தி போடுங்கள்: கரைசலில் இருப்பவை, என் ஊகம், நான் பார்த்தது. சமன்பாடு அதற்குக் கீழே. பக்கத்து மேசைக்காரர் நோட்டைப் பார்த்து மூன்றாவது பத்தியை நிரப்பாதீர்கள். அவர் பென்சிலும் உங்கள் பென்சிலும் ஒன்றில்லை. செய்முறைத் தேர்வுக்கு நான் தேர்வாளராகப் போகும்போது, ஊகம் தவறி, ஏன் தவறியது என்று இரண்டு வரி எழுதியிருக்கும் நோட்டைக் கண்டால்தான் மனம் நிறையும்.

கழுவி வைப்பது

உப்புக் கரைசலில் குளோரின் வாசனை இருந்தால் திறந்த வெளியில் வைத்து, வாசனை போன பின் நிறையத் தண்ணீர் விட்டு ஊற்றிவிடலாம். அதோடு கழிப்பறை ஆசிட், அமோனியா எதையும் சேர்க்கக்கூடாது. ஆசிட் பட்டால் தங்கியிருக்கும் ஹைப்போகுளோரைட்டிலிருந்து மறுபடி குளோரின் கிளம்பும். துருசுக் கரைசலை வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள், மீனுக்குச் செம்பு கொஞ்சமே போதும், சாகும். மூடி போட்ட பாட்டிலில் பெயர் எழுதி வைத்தால் அடுத்த வகுப்புக்கு அதுவே ஆகும். கிளிப்புகளை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, வெயிலில் வைத்து எடுங்கள். உப்பு ஒட்டியபடி பெட்டிக்குள் போட்டால், நம் கடற்காற்றில் அடுத்த செய்முறைக்குள் பல் தேய்ந்து துருவேறிவிடும்.